சுகுணாவின் நடை

"உங்களுக்கு யாரோட நடை வேணுங்கக்கா?" என்று ஆய்வுக்கூடத்து இம்தியாஸ் கேட்டபோது, வனஜா அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஐம்பத்துநாலு வயதில், இடது காலில் நடக்கத் தாங்கும் இரும்புக் காலிப்பரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? செருப்புக் கடையில் என்ன நிறம் வேண்டும் என்று கேட்பதுபோல அல்லவா கேட்கிறான்.

"நல்ல நடையா ஒண்ணு எடுத்துப் போடுங்க தம்பி. துவைச்சா சாயம் போகாததா இருக்கட்டும்" என்றாள்.

இம்தியாஸ் சிரித்தான். ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தான். உக்கடத்துக்காரன், முப்பது வயதிருக்கும். கோட்டு மாட்டியிருந்தாலும் அதன் கைகளை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தான். மேசை மேல் இருந்த கருவியை அவள் பக்கம் தள்ளினான். தொடை முதல் பாதம் வரை நீளும் கறுப்பு ஓடு. வாழை மட்டையை நீளவாக்கில் பிளந்து வைத்ததுபோல இருந்தது. வனஜா அதைத் தூக்கினாள். நாற்பது வருடம் காலிப்பரைத் தூக்கிப் பழகிய கை, தேவைக்கு மேல் பலம் கொடுத்துவிட்டது. கருவி விருட்டென்று மேலே எழும்பி அவள் மூக்குக் கண்ணாடியைத் தட்டியது.

"எல்லாருமே இப்படித்தானுங்க, மொத தடவை மூஞ்சில அடிச்சுக்குவாங்க" என்றான் இம்தியாஸ். "முட்டிக்கு ஒரு மோட்டார், கணுக்காலுக்கு ஒரு மோட்டார். உங்க இடுப்பு அசையறத வெச்சு, நீங்க அடியெடுத்து வெக்கப் போறீங்கன்னு இது புரிஞ்சுக்கும். ஆனா அந்த அடிய எப்படி வெக்கறதுன்னு இதுக்குத் தெரியாது. முட்டிய எவ்வளவு மடக்கோணும், எப்ப நீட்டோணும், குதிகால் எப்பத் தரையில படோணும்... யாராச்சும் சொல்லிக் குடுக்கோணும். உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? ரெண்டு வயசுல போலியோ வந்துது. அதுக்கு முன்னால நடந்ததெல்லாம் ஞாபகத்துல இருக்குமா?"

"அதேதானுங்க. மொதல்ல ஆயிரக்கணக்கான பேரோட நடைய எடுத்து, சராசரி போட்டு, ஒரு நடை செஞ்சாங்க. மாட்டுனவங்க எல்லாம் விழுந்தாங்க. அப்பறந்தான் புரிஞ்சுது, சராசரி ஆளுன்னு உலகத்துல ஒருத்தருமே இல்ல. உங்க உசரம், உங்க இடுப்பு, உங்க தொடை நீளம், இதெல்லாம் ஒத்து வர்ற ஒரு மனுசரோட நடையத்தான் ஏத்தோணும். கூடப் பொறந்தவங்கன்னா ரொம்ப நல்லது."

வனஜா வெளியே எட்டிப் பார்த்தாள். அவிநாசி சாலைக்குப் பின்னால், எப்போதோ மூடிப்போன பஞ்சாலையின் கிடங்கை வெள்ளையடித்து அந்த ஆய்வுக்கூடத்தை வைத்திருந்தார்கள். நடைவழி நாற்காலிகளில் ஆட்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்ததற்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. நடை வாங்க வந்தவர் ஒருவர், கொடுக்க வந்தவர் ஒருவர். ஒருவர் தன் மைத்துனரைக் கூட்டி வந்திருந்தார். காலமெல்லாம் பிடிக்காத மைத்துனரின் நடையில்தான் இனி நடக்க வேண்டுமா என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இன்னொருவர் ஊரில் பெரிய மனிதரான அண்ணனின் நடையே வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் போனாராம். தான் வந்தால் டீக்கடையில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது, இதைக் கொஞ்சம் பணிவாக மாற்றித் தர முடியுமா என்று கேட்க வந்திருந்தார்.

எல்லோரும் நடுவயது தாண்டியவர்கள். போலியோ வந்தவர்களின் கூட்டத்தில் புதிதாக யாரும் சேர்வதில்லை. இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். வருடத்துக்கு வருடம் ஆள் குறைகிற கூட்டத்துக்காக யாரோ இவ்வளவு மெனக்கெட்டது வனஜாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தங்கச்சி இருக்குது, சுகுணா" என்றாள். "உசரம், அளவெல்லாம் என்னையாட்டமேதான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன் தம்பி. அது சரியான ஆமை. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அந்த நடைய ஏத்துனா நான் ஆபீசுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிரும்."

"ஆமை விழாதுங்களே" என்றான் இம்தியாஸ்.

வனஜாவுக்கு அந்தக் கருவி எப்படியாவது கிடைத்தாக வேண்டும். அவளுக்கு வேலை ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில். நகரத்தின் அடுக்குமாடிகளில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினால், அது அவளுடைய மேசையில் ஒலிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும் வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். கதவை உதைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். அழுகிறவரை அழ விட்டு, பிறகு காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறை இருந்தது மாடியில். அந்த லிஃப்ட் நிறுவனத்துக்கு லிஃப்ட் கிடையாது. கேட்டால், கட்டடம் வாடகைக் கட்டடம் என்பார்கள்.

இவ்வளவு நாளும் கைப்பிடியைப் பிடித்து, காலிப்பரை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து ஏறிவிட்டாள். இப்போது வலது கால் தளர ஆரம்பித்திருந்தது. "உங்க நல்ல காலு இத்தன வருசமா ரெண்டு கால் வேலையப் பாத்துருச்சும்மா. இனி இந்த இரும்பையும் சேத்து இழுத்தா, அதுவும் போயிரும். கால்ல மாட்டற எடை கொறையோணும். இல்லைன்னா சக்கர நாற்காலிதான்" என்று டாக்டர் செந்தாமரை சொல்லிவிட்டார். சக்கர நாற்காலி மாடியேறாது.

கருவியை ஆறு மாதம் பரிசோதனைக்குத் தருவார்கள். அதன் முடிவில் டாக்டர் செந்தாமரை தலைமையில் ஒரு குழு அவள் நடையைப் பார்க்கும். சரியாக இருந்தால் கருவி அவளுக்கே. இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும்.

சுகுணா மறுபேச்சில்லாமல் வந்தாள். அக்காவுக்கு மூன்று வயது இளையவள். ஒரே காம்பவுண்டில் அடுத்த வீடு. கணவன், மாமியார், கல்லூரிக்குப் போகிற மகள் எல்லாம் இருந்தும், தினமும் காலையில் அக்காவைத் தெருமுனை வரை கூட்டிப் போய், நிறுவனத்து வேனில் ஏற்றிவிட்டுத்தான், தான் வேலை பார்க்கும் பேக்கரிக்குப் பஸ் பிடிக்கப் போவாள். நடை வேண்டும் என்றதும், "எடுத்துக்க. கூடவே என்ற முட்டி வலியவும் சேத்து எடுத்துக்க" என்றாள்.

பதிவு கிடங்கின் நீளமான கூடத்தில் நடந்தது. சுகுணாவின் கால்களில் பட்டைகளைக் கட்டி, சுவரெங்கும் இருந்த கேமராக்கள் முன்னால் நடக்கச் சொன்னார்கள். அவள் மணமேடைக்கு வரும் பெண்ணைப்போல விறைத்துக்கொண்டு நடந்தாள்.

"எல்லாரும் கேமராவப் பாத்தா இப்படித்தான். வனஜாக்கா, நீங்களும் கூட நடங்க. வீட்டுக் கதை பேசிட்டே நடங்க. அவங்க கேமராவ மறக்கோணும்" என்றான் இம்தியாஸ்.

அப்படியே இருவரும் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார்கள். சுகுணாவின் மாமியார் புதிதாக வாங்கிய மிக்சி பற்றி ஒரு மூச்சு பேசி முடித்தபோது, இம்தியாஸ் போதும் என்று கைகாட்டினான்.

கருவியை மாட்டிக்கொண்டு முதல் அடி வைத்த நாளை வனஜா யாரிடமும் சரியாக விவரிக்க முடியவில்லை. போலியோ வந்த காலுக்கு அசைவுதான் போகும், உணர்ச்சி போகாது. நகம் பட்டால் தெரியும், ஈ உட்கார்ந்தால் தெரியும். ஆனால் அந்தக் கால் காற்றில் முன்னே போவது எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாமலே இருந்தது. இப்போது தெரிந்தது. கெண்டைக்காலின் பின்பக்கம் சில்லென்று காற்று பட்டது. தன் முட்டிக்குள் இன்னொருத்தியின் முட்டி மடங்கி நீள்வதுபோல இருந்தது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர் கேக் வெட்டினார். கேக் சுகுணாவின் பேக்கரியிலிருந்து வந்தது.

இரண்டாவது வாரத்தில் அவள் அந்தத் தயக்கத்தைக் கவனித்தாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கால், திடீரென்று பாதி அடியில், பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்கும். ஒரு கண்ணிமைப்புதான். பிறகு போகும். நேர்ச் சாலையில் கொஞ்சம், வாசற்படிகளில் அதிகம், திருப்பங்களில் இன்னும் அதிகம். ஒருமுறை சாலையைக் கடக்கும்போது நின்றது. ஆட்டோக்காரர் பிரேக் போட்டு, "என்னம்மா, ரோட்ல நின்னு ரோசனை பண்றீங்க?" என்று கத்தினார்.

இம்தியாஸ் மோட்டாரை மாற்றினான். இடுப்பில் ஒட்டும் உணரிகளை மாற்றினான். ஓடு முழுவதையும் புதிதாக வார்த்தான். தயக்கம் போகவில்லை. குழு பார்க்க வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வனஜா வீட்டில் இருக்கும்போதும் கருவியோடு நடந்து நடந்து பார்த்தாள். பயத்தைவிட ஆராயும் ஆசைதான் அதிகமாக இருந்தது. மாட்டிக்கொண்ட லிஃப்டை எத்தனையோ பேர் அவளுக்குத் தொலைபேசியில் விவரித்திருக்கிறார்கள். பழுதுக்கு என்று ஒரு தோரணை உண்டு. இதில் அது இல்லை. பழுதான பொருள் முரண்டு பிடிக்கும். இந்தக் கால் முரண்டு பிடிக்கவில்லை. எதையோ எதிர்பார்த்து நின்று, அது நடந்ததும் திருப்தியாகப் போவதுபோல இருந்தது.

இதை இம்தியாஸிடம் சொன்னாள். "எதுக்கோ காத்திருக்குது தம்பி."

அவன் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பதிவோட சத்தத்த நான் கேக்கவே இல்லீங்கக்கா. படத்த மட்டும்தான் எடுத்தேன்" என்றான்.

சத்தத்தோடு ஓட்டினான். கூடத்தில் இரண்டு பெண்கள் மிக்சி பற்றிப் பேசிக்கொண்டு நடந்தார்கள். திரையின் ஒரு பக்கம் சுகுணாவின் கால்கள். சுகுணா அடி வைக்கிறாள், அடுத்த பாதத்தைத் தூக்குகிறாள், நிறுத்துகிறாள். டக். வனஜாவின் காலிப்பர் தரையைத் தொடும் சத்தம். அது கேட்ட பிறகுதான் சுகுணாவின் பாதம் இறங்கியது. மறுபடி ஓர் அடி. மறுபடி நிறுத்தம். டக். திருப்பத்தில் காலிப்பரைச் சுழற்றி வைக்க வனஜாவுக்கு நேரம் பிடித்தது. சுகுணாவின் பாதமும் அவ்வளவு நேரம் காற்றில் நின்றது. பேச்சில் ஒரு தடங்கலும் இல்லை. முகம் அக்காவின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கோளாறு இல்லீங்க. என்ற தப்பு. உங்களக் கூட நடக்கச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் இம்தியாஸ். "அவங்க உங்களுக்காக நின்னு நின்னு போறாங்க. அந்த நிக்கறதையும் சேத்து நடைன்னு நெனச்சு ஏத்திட்டேன்."

தன்னோடு நடந்து தினமும் தாமதமாக வந்ததற்காகச் சுகுணா பள்ளிக்கூட வாசலில் முட்டி போட்டதும், ஆமை, ஆமை என்று தானே முதலில் பெயர் வைத்து வீடு முழுக்கப் பரப்பியதும் வனஜாவுக்கு நினைவுக்கு வந்தன.

"அப்ப அவ தனியா எப்படி நடப்பா?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தானுங்க தெரியும்."

அதுதான் அவளுக்குத் தெரியாது. அவள் இல்லாத இடத்தில் சுகுணா நடப்பதை அவள் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

மறுநாள் காலை வேனில் ஏறியதும், ஓட்டுநர் ஆறுச்சாமியிடம், அடுத்த சந்தில் திருப்பி, தெரு தெரியும்படி ரேஷன் கடைப் பக்கம் நிறுத்தச் சொன்னாள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சுகுணா வேன் திரும்பும் வரை கையசைத்துக்கொண்டு நின்றவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

வனஜா வேறு யாரையோ பார்ப்பதாகவே நினைத்தாள். அந்தப் பெண்ணின் அடி ஒவ்வொன்றும் நீளமாக விழுந்தது. கை வீசிக்கொண்டு போனது. சாக்கடைமேல் பெயர்ந்து கிடந்த கல்லை அவள் பார்க்காமலே தாண்டினாள். முன்னால் போன கல்லூரிப் பையன்கள் இருவரைத் தாண்டினாள். நின்றிருந்த சரக்கு ஆட்டோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து வெளியே வந்தாள். ஐம்பது வயது தாண்டியவளின் நடையாக இல்லை அது. தன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வேறு வந்தாள்.

"பாத்தீங்களா ஆறுச்சாமி?" என்றாள் வனஜா.

"எத?"

"தங்கச்சிய. எப்படிப் போகுது பாருங்க."

"அது தெனமும் அப்படித்தானுங்களே போகும், காத்தாட்டம்" என்றார் ஆறுச்சாமி. "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அந்த நேரத்தில் சுகுணா வேனைப் பார்த்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகத்தையும். வைத்த அடியோடு அவள் நடை மாறியது. வீசிய கை அடங்கியது. அடி பாதியாகக் குறுகியது. வனஜாவுக்குத் தெரிந்த சுகுணா, மெல்ல, நின்று நின்று, வேனை நோக்கி வந்தாள்.

"என்னக்கா, வண்டி ரிப்பேரா?"

அன்று சாயங்காலம் வனஜா வீட்டில் இருவரும் நன்றாகச் சண்டை போட்டார்கள். வனஜா திரையில் பார்த்ததையெல்லாம் சொன்னதும், "அதுக்குன்னு ஒளிஞ்சிருந்து பாப்பியாக்கா? நான் என்ன, திருடியா?" என்றாள் சுகுணா.

"எத்தன வருசமாடி இப்படி?"

"எப்படி?"

"எனக்காக நின்னு நின்னு நடக்கறது."

"உனக்காக ஒண்ணும் நிக்கல. உன்கூட நடந்தா எனக்கு அப்படித்தான் வருது. கைக்கொழந்தைகிட்டப் பேசறப்பக் கொரல் தானா மாறுதில்ல? அந்த மாதிரி."

"நான் கைக்கொழந்தையா?"

"இதுக்குத்தான் உன்கிட்ட எதுவும் சொல்றதில்ல."

"சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஆமைன்னு சொல்லியிருப்பனா?"

"சொல்லு, என்ன கொறைஞ்சுபோச்சு? உன்கூட இருந்தா நான் ஆமைதான். அதுல எனக்கொண்ணும் வருத்தமில்ல."

சுகுணா பேக்கரியிலிருந்து கொண்டுவந்த தேங்காய் பன்னைப் பிய்த்துப் பாதியை அக்காவின் பக்கம் வைத்தாள்.

"சுகுணா, அந்த நடையக் குடு. காலைல நான் பாத்தது. அது இருந்தாத்தான் இந்தக் கருவி எனக்குத் தங்கும். இல்லைன்னா மறுபடியும் இரும்புதான். அப்பறம் நாற்காலி. வேலையும் போயிரும்" என்றாள் வனஜா.

சுகுணா பன்னை மென்று விழுங்கினாள். "அது வேண்டாக்கா" என்றாள்.

"ஏன்?"

"உன்னைய வண்டி ஏத்திவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போற வரைக்கும்தான் அந்த நடை. வீட்ல அவரு இருக்காரு, அத்தை இருக்காங்க, புள்ள இருக்குது. கடைல மொதலாளி. உன்கூட வந்தா நீ. அந்தக் கொஞ்ச தூரந்தான் நான் யாருக்கும் ஒண்ணுமில்லாம போறேன். நான் எப்படிப் போறன்னு எனக்கே தெரியாது. அதையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்கச் சொன்னா எப்படி?"

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று வனஜாவுக்குத் தெரியும். அதைவிட, எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரியும். பாதி பன்னை எடுத்துத் தின்றாள்.

அடுத்த நாள் இம்தியாஸிடம் போய், தங்கையை விட்டுவிட்டு வேறு வழி பார்க்கச் சொன்னாள். அவன் பதிவிலிருந்து நிறுத்தங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. "நிக்கறதுக்கு முன்னாலயே வேகத்தக் கொறைக்கறாங்க, நின்ன பின்னால சேத்துப் பிடிக்கறாங்க. ஒவ்வொரு அடியிலயும் நீங்க இருக்கறீங்க. உங்கள எடுத்துட்டா இதுல நடையே இல்ல" என்றான். சராசரி நடையை ஏற்றிப் பார்த்தார்கள். வனஜா மெத்தை விரித்த கூடத்தில் மூன்றாவது சுற்றில் விழுந்தாள். விழுவது அவளுக்குப் புதிதல்ல. கையை ஊன்றாமல் தோளில் வாங்கிக்கொண்டாள். இம்தியாஸின் முகம்தான் வெளிறிப் போனது.

கருவி ஆய்வுக்கூடத்தில் தங்கிவிட்டதால், அந்த வாரம் அவள் பழைய காலிப்பரோடு வேலைக்குப் போனாள். தெருமுனை வரை சுகுணா வழக்கம்போலக் கூட வந்தாள். ஆனால் பேச்சு ஓடவில்லை. டக் என்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் சுகுணா தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். வனஜா ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் தானே இறங்கி வந்து கைகொடுத்தார். அவர் கனிவாகப் பேசியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

குழு பார்வையிட இரண்டு நாள் இருக்கும்போது இம்தியாஸ் அழைத்தான். அவள் போனபோது சுகுணா அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். சேலைக்குக் கீழே கணுக்காலில், கேமரா இல்லாமலே அடிகளைப் பதியும் பட்டைகள் தெரிந்தன.

"ஒரு வாரமாக் கட்டிட்டுதான் திரிஞ்சேன். தம்பிகிட்ட நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றாள்.

"வேண்டாம்னுட்டயே சுகுணா. நானும் விட்டுட்டேன்."

"நீ விட்டுட்ட. என்னால விட முடியல." அவள் குரலில் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. "உன்னைய ஏத்திவிட்டுத் தனியா நடந்தா, கண்ணாடிக்குப் பின்னால யாரோ பாக்கற மாதிரியே இருக்குது. கைய எப்படி வீசறேன், காலை எப்படி வெக்கறேன்னு நானே பாத்துக்கறேன். நடக்கவே வரல. நீ கேட்டும் நான் குடுக்காத நடை இப்ப என்கிட்டயும் இல்ல. அத எதுக்கு வெச்சிருக்கோணும்? நீயாவது நட."

"மன்னிச்சுக்கடி" என்றாள் வனஜா.

"அதெல்லாம் வேண்டாம். மொதல்ல இது தேறுதான்னு கேளு."

இம்தியாஸ் தலையைச் சொறிந்தான். "வாரம் பூரா அவங்களையே அவங்க கவனிச்சுட்டே நடந்திருக்காங்க. ஒண்ணும் தேறல. வியாழக்கிழமை மட்டும் ஒரு துண்டு இருக்குது. அருமையான துண்டு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல."

சுகுணா யோசித்தாள். "வியாழக்கிழமையா? பஸ் கெளம்பிருச்சு தம்பி. விட்டா அடுத்தது லேட்டு. ஓட்டமும் நடையுமாப் போனேன். அப்ப எதையும் நெனைக்கல."

"பிடிச்சியா?" என்று கேட்டாள் வனஜா.

"கண்டக்டர் திட்டிட்டே ஏத்துனாரு."

அந்தத் துண்டை ஏற்றினார்கள்.

பார்வையிடும் நாளில் டாக்டர் செந்தாமரையோடு இன்னும் இரண்டு பேர் நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இம்தியாஸ் திரையருகே நின்றான். வனஜா எழுந்து நடந்தாள். முதல் அடியிலேயே கால் அவளை முன்னால் இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. இடுப்பு அதற்கு ஈடுகொடுத்தது. பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்ற ஒருத்தியின் அவசரம் தன் தொடை வழியாக இறங்கிப் போவது அவளுக்குத் தெரிந்தது. கூடத்தின் முனையில் திரும்பினாள். நிற்கவில்லை. வாசற்படி போலச் செய்திருந்த மரப்படிகளில் ஏறி இறங்கினாள். நிற்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"நல்லா இருக்குது" என்றார் டாக்டர் செந்தாமரை. "கடைசியா ஒண்ணு. ஒப்பிட்டுப் பாக்க, நடை குடுத்தவங்களும் பக்கத்துல நடக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து ஒரு சுத்து வாங்க."

சுகுணா செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். "ரொம்ப வேகமாப் போகாத, என்னைய மாட்டிவிட்டுராத" என்று முணுமுணுத்தாள்.

"உன்ற வேகந்தானே?"

கிளம்பினார்கள். வனஜாவின் கால் விரைந்தது. பக்கத்தில் சுகுணா அக்காவோடு நடக்கிற பழக்கத்தில் ஓர் அடி வைத்து, அடுத்த பாதத்தைத் தூக்கி நிறுத்தினாள். காத்திருக்க அங்கே எந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் அவள் பாதம் காத்திருந்துவிட்டுத்தான் இறங்கியது. வனஜா எதையோ சொல்லத் திரும்பியபோது பக்கத்தில் யாரும் இல்லை. தங்கை பின்னால் இருந்தாள். தன் பின்னால் ஒருவர் வருவதை வனஜா வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள்.

கூடத்தின் நடுவில் அவள் நின்றாள்.

திரையில் ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "மறுபடியும் நின்னுருச்சே. இதுதானே அந்தத் தயக்கம்?" என்றார் ஒருவர்.

இம்தியாஸ் திரைமேல் குனிந்து கோட்டைப் பெரிதாக்கினான். பதற்றத்தில் அவன் விரல் இரண்டு முறை தவறான இடத்தைத் தொட்டது. பிறகு அவன் தோள்கள் தளர்ந்தன. "கருவி நிக்கலீங்க. கருவி போகத்தான் பாக்குது. இடுப்புல இருந்து நிறுத்தச் சொல்லி வந்திருக்குது. அவங்களா நின்னிருக்காங்க" என்றான்.

டாக்டர் செந்தாமரை எழுந்து வந்து திரையைத் தானே பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "அப்ப கருவில கோளாறு இல்ல. இது இந்தம்மாகிட்டயே இருக்கட்டும்" என்று மற்றவர்களிடம் சொன்னார். பேனாவை மூடியவர், போகிற போக்கில் வனஜாவிடம் கேட்டார்:

"நல்லாத்தானே போயிட்டிருந்தீங்க. ஏம்மா நின்னீங்க? எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்லீங்க டாக்டர்" என்றாள் வனஜா. "தங்கச்சி வந்துட்டிருக்குது."